மிஞ்சிய பிரெட்டில் க்ரூட்டான்: மலையூர்ச் சமையலறைகளுக்கான கேள்வி பதில்

குன்னூரில் ஒரு சிறிய பேக்கரியின் அடுப்படியில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்து வருகிறேன். மிஞ்சிய பிரெட்டை, சூப்பின் மேல் தூவும் மொறுமொறுப்பான க்ரூட்டானாக மாற்றுவது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உதகை): வணக்கம் அம்மா. பிரெட்டைச் சதுரமாக நறுக்கி, கடாயில் நெய் விட்டு வறுத்தேன். மேலே நன்றாகச் சிவந்தும் உள்ளே மெத்தென்றே இருந்தது. கால் மணி நேரத்தில் முழுவதும் நமத்துப் போய்விட்டது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் வறுத்துவிட்டீர்கள், ஆனால் உலர்த்தவில்லை. பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். சூடான நெய்யில் போட்டவுடன் மேற்பரப்பு சிவந்து விடுகிறது, நாமும் ஆயிற்று என்று இறக்கி விடுகிறோம். ஆனால் நடுவில் தங்கிய ஈரம் ஆறும்போது மெல்ல வெளியே பரவி, சிவந்த மேற்பகுதியையும் சேர்த்து இளக வைத்து விடுகிறது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நறுக்கிய துண்டுகளை எண்ணெய் எதுவும் சேர்க்காமல் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, அவனில் (பேக்கிங் அடுப்பில்) 110 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். நிறம் மாறாமல், விரலால் தட்டினால் ஓடுபோல் ஓசை வரும் நிலைக்கு அவை வந்துவிடும். அதன்பின் 4 ஸ்லைஸ் பிரெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் என்ற கணக்கில் பிசிறி, சிறிது உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, 160 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டி விடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு துண்டை இரண்டாக உடைத்து, உள்பக்கத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் குளிர்ச்சியாகத் தெரியும். விரல் நுனியைவிட உதடு இதை நன்றாகக் கண்டுபிடிக்கும். குளிர்ச்சி இல்லையென்றால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

பொன்னிறத்துக்கு மேல் விடாதீர்கள். மாவுப் பண்டங்கள் கருஞ்சிவப்பாகும் அளவுக்குச் சூடேறும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் அதிகமாக உருவாகும், கசப்பும் ஏறும்.

கேள்வி (உதகை, வேறொருவர்): சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் நேரக் கணக்கு, 2,200 மீட்டருக்கும் மேல் இருக்கும் நம் ஊருக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். பருப்பு வேகத் தாமதமாவது, நம் ஊரில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால்தான். உலர்ந்த சூட்டில் நடக்கும் இந்த வேலைக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவனும் தட்டும் சில்லிட்டுக் கிடக்கும்; கால் மணி நேரம் முன்கூட்டியே சூடேற்றிக் கொள்ளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): அன்று வாங்கிய பிரெட் நல்லதா, பழையது நல்லதா? பழையதாகட்டும் என்று நான் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறேன்.

பதில்: ஒரு நாளோ இரண்டு நாளோ ஆன பிரெட்தான் நல்லது. புதிய பிரெட் கத்திக்கு அடங்காமல் நசுங்கும், உதிரும். பிரெட் விறைத்துப் போவதை வெறும் காய்தல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வேகும்போது தளர்ந்த மாவுச்சத்து மறுபடி இறுகி அடுக்காக அமர்வதால்தான் அந்த விறைப்பு வருகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இது மிக வேகமாக நடக்கும் என்பதால், சாப்பிட வைத்திருக்கும் பிரெட்டை ஃபிரிட்ஜில் வைப்பது தவறாகவும், க்ரூட்டானுக்கு எடுத்து வைக்கும் பிரெட்டை வைப்பது சரியாகவும் ஆகிறது. பனிக்காலத்து இரவில் நம் சமையலறை அலமாரியே ஃபிரிட்ஜ்போல ஆகிவிடுவதால் அப்போது வெளியிலேயே வைத்துவிடலாம்.

பால் பிரெட், இனிப்பு பன் போன்றவற்றில் சர்க்கரை கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் கருகும். அவற்றுக்கு இரண்டாம் சூட்டை 140 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். என்னைக் கேட்டால், இனிப்பு இல்லாத சாதாரண பிரெட்டும் கோதுமை பிரெட்டும்தான் சூப்புக்கு ஏற்றவை.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): அக்கா, வாடகை அறையில் ஒரு அடுப்பும் தோசைக்கல்லும்தான் இருக்கின்றன. மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்கலாமா?

பதில்: தோசைக்கல்லே போதும், தங்கையே. துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, மூடாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டே 20 முதல் 25 நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். மூடி போட்டால் ஆவி திரும்ப அதன்மேலேயே விழும். கடைசியில்தான் எண்ணெயோ நெய்யோ சேர்க்க வேண்டும். வெண்ணெய் வேண்டாம்: அதில் இருக்கும் தண்ணீர் நீங்கள் பாடுபட்டு உலர்த்தியதைக் கெடுக்கும், பால் திடப்பொருள் கல்லில் கருகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் சுள்ளென்று இருக்கும் நாட்களில் மெல்லிய துணி மூடி வடகம்போல் காய வைத்தால் அடுப்பு வேலை பாதியாகும். குரங்குகள் வரும் பகுதியாக இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கேள்வி (கூடலூர்): நன்றாகவே வருகிறது, ஆனால் ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் டப்பாவில் போட்டு வைத்தாலும் இரண்டே நாளில் நமத்துவிடுகிறது. என்ன வழி?

பதில்: தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் ஊர் உங்களுடையது. எங்கள் குன்னூரில் அந்தத் தொல்லை ஐப்பசி, கார்த்திகையில் உச்சத்துக்கு வரும். உலர்ந்த க்ரூட்டான் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால், டப்பாவில் போட்ட பிறகு நடப்பதைவிட, போடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடப்பதுதான் கெடுக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளே வியர்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பயந்து வெளியே ஆற வைத்தால் மூடுபனி உள்ளே புகுந்துவிடும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மழைநாளில், 2 கிலோ க்ரூட்டானை முறத்தில் பரப்பி ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது ஜன்னல் வழியே வெண்மையாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது, முறத்திலிருந்த அத்தனையும் பஞ்சாகியிருந்தது. மறுபடி சூடேற்றி மீட்டேன் என்றாலும் பாதி நிறம் கறுத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். அவனை அணைத்தபின், கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்து வைத்து, துண்டுகளை உள்ளேயே ஆற விடுகிறேன். கைக்குச் சூடு தெரியாத நிலை வந்தவுடன் நேராகக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி இறுக மூடுகிறேன். புட்டியையும் முன்பே கழுவி, அவன் சூட்டில் காய வைத்து ஆற விட்டிருப்பேன். ஒரு பெரிய புட்டியைவிட நான்கு சிறிய புட்டிகள் மேல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று எல்லாவற்றையும் தொடாது. வெறும் வாணலியில் வறுத்து ஆற வைத்த ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து அடியில் போடலாம்.

எண்ணெய் சேர்த்தது ஒரு வாரம் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு சிக்கு வாடை வரத் தொடங்கும். முதல் கட்டத்தில் உலர்த்தியதை அப்படியே சேமித்து, வேண்டும்போது எண்ணெய் பிசிறிச் சிவக்க வைத்தால் இன்னும் அதிக நாள் வரும். மழைக்காலத்துக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். நமத்துவிட்டதை மட்டும் 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

கேள்வி (குன்னூர்): ஓரத்தில் மட்டும் பூஞ்சை பிடித்த பிரெட்டில், அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வறுக்கலாமா? சூட்டில் எல்லாம் செத்துவிடும் அல்லவா?

பதில்: கூடாது. கண்ணுக்குத் தெரியும் பச்சை நிறம் பூஞ்சையின் மேற்பகுதிதான். அதன் இழைகள் பிரெட்டின் துளைகள் வழியே உள்ளே ஓடியிருக்கும். சூட்டில் பூஞ்சை செத்தாலும், சில வகைகள் உண்டாக்கிய நச்சு சூட்டுக்கு அழிவதில்லை. அதேபோல, உள்பக்கம் பிசுபிசுத்து நூல்போல இழுபட்டு, பழுத்த பழவாடை அடித்தால் அது பாக்டீரியாவின் வேலை; அதையும் எறிந்துவிடுங்கள். மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று மனமார நினைப்பவள் நான். ஆனால் இந்த இரண்டிலும் தயவு காட்ட மாட்டேன்.

கேள்வி (பூம்பாறை, கொடைக்கானல்): எங்கள் தோட்டத்து மலைப்பூண்டைச் சேர்த்துச் செய்ய ஆசை. நசுக்கிப் பிசிறினால் கருகிக் கசக்கிறது.

பதில்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டைக் கருக விடலாமா! வாடை தூக்கலான பூண்டு என்பதால் 4 ஸ்லைஸ் பிரெட்டுக்கு 2 பல் போதும். நசுக்கிய பல்லை எண்ணெயில் போட்டு, மிகச் சிறு தீயில், நிறம் மாறாமல் 5 நிமிடம் வைத்து, வடிகட்டி, அந்த எண்ணெயை மட்டும் பிசிறுங்கள். தோட்டத்தில் தைம், ரோஸ்மேரி என்ற வாசனைத் தழைகளில் ஒன்று இருந்தால் ஒரு கொத்தை அதே எண்ணெயில் போடலாம். ஆனால் பூண்டு எண்ணெயை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. வாடையாலோ நிறத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி (வெலிங்டன்): மிஞ்சிய ஊட்டி வர்க்கியை உடைத்துப் போட்டால் ஆகாதா?

பதில்: வர்க்கி அடுக்கடுக்காகக் கொழுப்பு ஏற்றிச் சுட்டது. சூப்பில் விழுந்தவுடன் ஏடுகளாகப் பிரிந்து கூழாகும். அது தேநீருக்கே உரியது.

கேள்வி (உதகை): கேரட் சூப்பில் எப்போது சேர்ப்பது? அடியில் மிஞ்சும் தூளை என்ன செய்வது?

பதில்: கிண்ணத்தில் ஊற்றி மேசைக்கு வந்தபின், அவரவரே தூவிக்கொள்ளட்டும். தூளைப் பொறுத்தவரை, நறுக்கியவுடனே துண்டுகளைச் சல்லடையில் இட்டுச் சலித்துப் பிரித்துவிடுங்கள். தட்டோடு விட்டால் முதலில் கருகுவது அந்தத் தூள்தான், கசப்பு மற்றவற்றுக்கும் ஏறும். பிரித்ததைத் தனியே உலர்த்தி ஒரு புட்டியில் சேர்த்து வாருங்கள், கட்லெட் செய்யும் நாளில் ரஸ்க் தூள் வாங்க வேண்டியிருக்காது.