1600-ல் பிறந்த ஆங்கிலேயருக்குத் தாத்தா யார்?

கேள்வி: 1600-வாக்கில் இங்கிலாந்தில் பிறந்த ஒருவரின் முன்னோரைத் தேடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகள் அவரை ஒரு பிரபு வீட்டோடு சேர்க்கின்றன. நம்பலாமா?

பிரபு வீடு வந்தாலே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இந்த ஆசை அந்தக் காலத்திலேயே உண்டு. 1596-ல் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜானுக்குக் குலச்சின்னம் வழங்க எழுதிய வரைவில், முன்னோர் ஏழாம் ஹென்றிக்கு ஊழியம் செய்து பரிசு பெற்றதாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இதுவரை சிக்கவில்லை. ஆவணங்களில் தெரியும் தாத்தா ரிச்சர்ட், ஸ்னிட்டர்ஃபீல்டில் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர்.

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஆளில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள். பிரபுவிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். ஊர் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய 1538-ல் ஆணை வந்தது. 1598-ல் பழைய ஏடுகளைத் தோல் ஏட்டில் பெயர்த்து எழுதச் சொன்னார்கள். பல ஊர்களில் 1558-லிருந்து உள்ள பதிவுகளைத்தான் பெயர்த்து எழுதினார்கள். அதற்கு முந்தையது போயே போச்சு. ஆண்டுதோறும் ஒரு பிரதி பிஷப்புக்கும் போனதால், ஏடு தொலைந்த ஊருக்கு அந்தப் பிரதிகளைத் தேடலாம்.

சரி, "ஜான், தாமஸின் மகன்" என்று ஒரு வரி கிடைத்துவிட்டது. அவர்தானா இவர்? அடக்கப் பதிவையும் பாருங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருக்கலாம். தேதியிலும் கவனம்: 1752 வரை அங்கே சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஏட்டில் "1610 பிப்ரவரி" என்றிருந்தால் நம் கணக்கில் 1611. இது தெரியாமல், 1610 மே மாதம் கல்யாணமானவர்களுக்கு அதற்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், உயில்தான் பெரிய சாட்சி. வசதியானவர்களின் உயில்கள் கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் பதிவானவை. இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மற்றவர்களுடையதை அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ஷேக்ஸ்பியரின் அம்மா மேரி யார் மகள் என்பதை அவள் அப்பா ராபர்ட் ஆர்டனின் 1556 உயிலே சொல்லிவிடுகிறது.

உறவுச் சொற்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியப்பா மகன், அத்தை மகன் என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் அவர்கள் 'கசின்' என்ற ஒன்றில் அடக்கிவிடுவார்கள். 'சன் இன் லா' என்றால் மருமகன் மட்டுமல்ல, மனைவிக்கு முந்தைய கணவரிடம் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஷேக்ஸ்பியரே 1616 உயிலில் மகள்வழிப் பேத்தி எலிசபெத்தை 'நீஸ்' (இன்று உடன்பிறந்தவரின் மகளைக் குறிக்கும் சொல்) என்றுதான் குறிப்பிடுகிறார்.

ஆக, உங்கள் ஆளில் தொடங்கி மேலே போய் அந்தப் பிரபு வீட்டை எட்டினால், பிரபுவின் உயிலைத் தேடுங்கள். அதில் உங்கள் ஆள் பெயர் இல்லாவிட்டாலும் உடனே தள்ளிவிட வேண்டாம். பங்கை முன்பே வாங்கிக்கொண்டு போன மகனை உயிலில் விட்டுவிடுவதும் உண்டு.