கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். 2025இல் அமெரிக்கா 20 வீத வரி போட்ட பிறகு மேலதிக நேர வேலை குறைந்துவிட்டது. அந்த வரியை நமது அரசாங்கம் கட்டிவிட்டால் என்ன?
– ஒரு தாய், தருமபுரம்

பதில்: அதை நமது அரசாங்கம் கட்டுவதில்லை அம்மா. அந்த 20 வீதம் வந்தபோது, பத்து டொலர் சட்டை அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால், அதை வாங்கும் அந்த நாட்டு வியாபாரிதான் பழைய தீர்வையோடு இன்னும் இரண்டு டொலரைத் தன் சுங்கத்துக்குக் கட்டினார். கட்டியவர் சும்மா இருப்பாரா? "விலையில் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்" என்று கொழும்புக்குச் சொல்லி அனுப்பினார். துணியின் விலையையும் மின்கட்டணத்தையும் முதலாளியால் குறைக்க முடியாது. உங்கள் மகளின் மேலதிக நேரத்தைக் குறைக்க முடியும்.

2025 ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், ஜூலையில் 30, ஓகஸ்டில் 20. அந்த 44 வந்த விதம் தெரியுமா? நம்மோடு அவர்களுக்குள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, நம்மிடம் வாங்கும் பொருட்களின் பெறுமதியால் வகுத்தார்கள். 88 வீதம் வந்தது. அதை இலங்கை அறவிடும் வரி என்று பலகையில் எழுதிக் காட்டி, பாதியாக்கினார்கள். முப்பது வருடம் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுத்த நான் அப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உயர்த்திச் சொல்லி இறங்கிவந்து, வாங்குபவரை மகிழவைக்கும் வித்தை பரந்தன் சந்தையில் மீன் விற்பவருக்கும் தெரியும்.

2025 ஓகஸ்டில் வியட்நாமுக்கும் பங்களாதேசத்துக்கும் அதே 20தான் போட்டார்கள். ஆகவே அப்போது வரியைக் காட்டி வேலையை அங்கே கொண்டுபோக முடியவில்லை. எனக்குள்ள பயம் வேறு. சட்டை விலை ஏறி அமெரிக்கர்கள் குறைவாக வாங்கினால் மூன்று நாட்டிலும் தையல் இயந்திரங்கள் ஓயும்.

கேள்வி: இந்தியச் செத்தல் மிளகாய்க்கு நாமும் வரியைக் கூட்டினால் விவசாயி பிழைப்பான் அல்லவா?
– மிளகாய்ச் செய்கையாளர், விசுவமடு

பதில்: உங்கள் ஊர் மண்ணைக் கேளுங்கள், சொல்லும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது என் தகப்பனார் அங்கே இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டார். அந்தக் காசில் கல்வீடு எழும்பியது. அதே ஆண்டுகளில் என் தாயார் பாணுக்கு வரிசையில் நின்றார், ஒரு பை அரிசியைப் பஸ்ஸில் மறைத்துக் கொண்டுவந்தார். 1977இல் ஆட்சி மாறி, கதவு திறந்தது. வெளிநாட்டுச் செத்தல் வந்து குவிந்தது. தகப்பனார் அடுத்த போகம் மிளகாய் நடவில்லை.

வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுவடைக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் வைத்தால் உதவும். இங்கே இறக்குமதி உணவுப் பொருளுக்குப் போடும் வரியான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை உயர்த்தும் வர்த்தமானி பல தடவை வருவது, விவசாயி விற்று முடித்த பிறகு. இலாபம் அதை வாங்கிக் குளிர்களஞ்சியத்தில் வைத்திருப்பவருக்கு. அதைவிட, சமைக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் மனைவி என்னோடு இந்த விடயத்தில் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: நாடுகளுக்கிடையே 'பொருளாதாரப் போர்' என்று செய்தியில் சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன?
– மாணவி, மல்லாவி

பதில்: துவக்குக்குப் பதிலாக வரியாலும் தடையாலும் மற்றவரை மடக்கப் பார்ப்பதுதான் பிள்ளை. ஒரு நாட்டுக்குள்ளேயும் தடை போடுவார்கள். அம்மம்மா இருக்கிறாரா? தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது எப்படி, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது எப்படி என்று அவரிடம் கேளுங்கள். யுத்தத்தில் வன்னிக்குள் பசளையும் பற்றரியும் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதி எனக்கும் அனுப்புங்கள்.