மின்சாரத்தால் உப்பு நீக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நிலம் உப்பாக இருக்கிறது. மண்ணில் இரு மின்முனைகளை நட்டு, மின்சாரம் செலுத்தி உப்பை நீக்க எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்?

பதில்: மண்ணின் வகை, மின்கடத்துதிறன், கார அமில நிலை (pH), மின்முனைகளின் இடைவெளி ஆகிய எதையும் எழுதாமல் வோல்ட்டை மட்டும் கேட்டால் என்ன சொல்வது? ஆய்வுகளில் பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு அரை முதல் ஒரு வோல்ட் வரை செலுத்துகிறார்கள். மண் பரிசோதனை அறிக்கையுடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஓர் ஏக்கர் வயலுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்?

பதில்: ஒரு கிலோ உப்பை வெளியேற்ற ஏறத்தாழ 460 ஆம்பியர்-மணி வேண்டும்; 50 வோல்ட்டில் அது 23 யூனிட். மேல்மண்ணில் 5 டன் உப்பு இருந்தால், இழப்பே இல்லாவிட்டாலும் ஒரு லட்சம் யூனிட்டைத் தாண்டிவிடும். வயலுக்கு வடிகால் வெட்டி, நல்ல நீரைத் தேக்கி வடிப்பதே ஏற்றது. நீர் இறங்காத களிமண்ணில், சிறு பரப்பில் மட்டுமே மின்முறை பொருந்தும்.

கேள்வி: இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டு, சோலார் பேனலுடன் இணைத்தோம். எதிர்மின்முனை அருகே மண் இறுகிவிட்டதே, ஏன்?

பதில்: பலமுறை எழுதிவிட்டேன்: மின்புலம் உப்பை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சோடியம் எதிர்மின்முனைக்கும் குளோரைடு நேர்மின்முனைக்கும் நகர்கின்றன. மின்முனைகளில் நீரும் சிதைவதால், எதிர்மின்முனையருகே கார அமில நிலை 12 வரை ஏறுகிறது. நேர்மின்முனையருகே 2 வரை இறங்குகிறது. வந்து சேர்ந்த சோடியத்தை எடுக்காமல் விட்டதால், உவர் மண்ணாக (கரையும் உப்பு மிகுந்தது) இருந்ததை நீங்களே களர் மண்ணாக்கிவிட்டீர்கள் (சோடியம் மிகுந்து, காரமாகி இறுகியது). 1936-இலேயே பூரி, ஆனந்த் என்னும் ஆய்வாளர்கள் இந்தியக் களர் நிலத்தில் மின்சாரம் செலுத்தி, சோடியம் ஹைட்ராக்சைடு பிரிந்து வருவதைக் கண்டார்கள். அதை வெளியேற்றுவதுதான் முறையின் பாதி வேலை. மின்முனையைத் துளையிட்ட குழாய்க்குள் நீரில் நிறுத்தி, அந்நீரை அடிக்கடி இறைத்து, நல்ல நீரால் நிரப்ப வேண்டும். இறைத்ததை வாய்க்காலில் விடாதீர்கள். இரும்பு நேர்மின்முனை கரைந்துவிடும் என்பதால் கிராஃபைட் அல்லது பூச்சிட்ட டைட்டானியம் தேவை. குளோரினும் ஹைட்ரஜனும் வெளியாகும் இவ்வேலையை மூடிய கொட்டகைக்குள் செய்யவே கூடாது. இறுகிய இடத்துக்கு இப்போது ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடியுங்கள்.

கேள்வி: குழாயில் காந்த வளையம் மாட்டினால் உப்புக் குறையுமா?

பதில்: குறையாது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கரைந்த உப்பை அளந்து பாருங்கள்.

கேள்வி: சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளேயே மின்முனை இறக்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே பல பத்தாண்டுகள் மிகையாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்தது. நன்னீர் மட்டம் உயராதவரை, நீங்கள் நீக்கும் உப்புக்கு ஈடாகக் கடல் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். இறைத்த நீரில் லிட்டருக்குச் சில கிராம் உப்பே இருந்தால், சவ்வுகளை அடுக்கி மின்சாரம் செலுத்தும் கலத்தில் (எலக்ட்ரோடயாலிசிஸ்) அதைப் பிரிக்கலாம். குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இதற்கான சவ்வுகளை உருவாக்கியுள்ளது. பிரிந்த உவர்நீரைக் கிணற்றிலேயே திருப்பி விடாதீர்கள்.