விண்வெளி கேக்கில் வழிந்தோடும் கிளேஸ்

கேள்வி: பிறந்த நாள் விருந்துக்கு விண்மீன் மண்டலம் போல மிரர் கிளேஸ் (கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சு) கேக் செய்தேன். கிளேஸ் பக்கங்களில் நிற்காமல் தட்டில் வழிந்தது, நிறங்களும் கலங்கிவிட்டன. ஏன்?

பதில்: சூடாக ஊற்றியிருப்பீர்கள். 32 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான் பதம். அதிகமானால் தண்ணீராய் ஓடும், குறைந்தால் திட்டுத்திட்டாய் உறையும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கேக் முந்தைய இரவே ஃப்ரீசரில் கல்லாகியிருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் மேலே பனி பூக்கும். உள்ளங்கையால் துடைத்துவிட்டு உடனே ஊற்றுங்கள். துடைக்காவிட்டால் கிளேஸ் தோல்போல் சரியும்.

20 செ.மீ. கேக்குக்கு அளவு: ஜெலட்டின் 20 கிராமை 120 மி.லி. குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப் தலா 300 கிராமை 150 மி.லி. தண்ணீரில் கொதிக்கவிட்டு இறக்கி, ஜெலட்டினையும் 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கையும் கலந்து, 300 கிராம் வெள்ளை சாக்லேட் மேல் ஊற்றி அடியுங்கள். ஹேண்ட் பிளெண்டரின் தலை மூழ்கியே இருக்கட்டும், தூக்கினால் குமிழிதான்.

நிறம் கலங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் கரண்டி. கறுப்பு, கருநீலம், ஊதா, கொஞ்சம் இளஞ்சிவப்பு போதும். தனித்தனியே கலந்து, ஒரே ஜக்கில் அடுக்கடுக்காக விட்டு, கிளறாமல் ஊற்றுங்கள். (ஆரஞ்சை நீலத்தோடு சேர்த்தால் சேறுதான்.) உறைந்தபின், வெள்ளை ஜெல் கலரை ஓரிரு சொட்டு நீரில் கரைத்து, புது டூத்பிரஷ்ஷில் தொட்டு விரலால் சுண்டினால் நட்சத்திரங்கள் தயார்.