கழுத்தில் பட்டை, பெயர் இல்லை: கீழ்த்தளத்து நாயை என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று நாளாக ஒரு பழுப்பு நிற நாய் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை இருக்கிறது, பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஓர் உதவி எண்ணை அழைத்தேன். “தொல்லை கொடுக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்” என்றார்கள். ஒரு காப்பகத்தில் கேட்டால் இடமில்லையாம். நேற்று நல்ல மழை. மனசு கேட்காமல் மேலே கூட்டிவந்து வாசல் நடைபாதையில் கட்டிவைத்து, மிச்சமிருந்த பிரியாணி போட்டேன். வீட்டில் பூனை இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமான லிம் சூ காங் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
– வாசகி, சுவா சூ காங்

பதில்: லிம் சூ காங் மட்டும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்க்கூட்டம் புதிதாக வரும் நாயைக் கடித்து விரட்டும். வீட்டில் சோறு தின்று வளர்ந்த நாய் அங்கிருந்து ஓடினால் சாலைக்குத்தான் வரும். சட்டமும் சும்மா விடாது. செல்லப்பிராணியைக் கைவிடுவோருக்கு முதல் முறையே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். நாய் உங்கள் கையில் இருக்கும்வரை அதற்குப் பொறுப்பு நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையிலிருந்தும் இன்றே அவிழ்த்து உள்ளே கொண்டுவாருங்கள். போகிற வருகிறவர்களைப் பார்த்து அது குரைக்கும், புகார் போகும். குளியலறையிலோ துணி காயப்போடும் பின்கட்டிலோ பழைய துண்டு, தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும். பூனை அந்தப் பக்கமே போகக்கூடாது, குறைந்தது இரண்டு வாரத்துக்கு.

இனி, உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதில். “விட்டுவிடுங்கள்” என்பது சில நாய்களுக்குச் சரியான பதில்தான். 2018 நவம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசியும் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பும் போட்டு, முடிந்தால் வீடு தேடித் தருகிறார்கள், இல்லையென்றால் பொருத்தமான இடத்தில் திரும்ப விடுகிறார்கள். ஐந்தாண்டுகளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது அப்போது இலக்காக இருந்தது. அப்படித் திரும்ப விடப்பட்ட நாயைத் தூக்கி வருவது உபகாரமில்லை. குறை என்னவென்றால், உங்கள் நாய் அந்த வகையா, தொலைந்துபோன வீட்டு நாயா என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில் கிடைத்திருக்கிறது. எனவே பிரித்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

காதைப் பாருங்கள். நுனி நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆன தெருநாய். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், அதை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டையை விலக்கிப் பாருங்கள். அடியில் ரோமம் தேய்ந்து தடம் விழுந்திருந்தால் மாதக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். நாளெல்லாம் சிமெண்டில் திரியும் நாய்க்கு நகம் தேய்ந்திருக்கும், வீட்டு நாய்க்குப் பெரும்பாலும் நீண்டு வளைந்திருக்கும். மின்தூக்கியில் தயங்காமல் ஏறியதா, “சிட்” என்றால் உட்காருகிறதா என்பதும் கணக்கில் வரும். பெண் நாயாக இருந்தால் முலைக்காம்புகளை இப்போதே பாருங்கள். பால் கட்டியிருந்தால் குட்டிகள் அருகில் எங்கோ பசியோடு கிடக்கலாம், அவற்றைத் தேடுவதே முதல் வேலை.

அடுத்தது மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவில் இருக்கும். அருகிலுள்ள விலங்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, “கண்டெடுத்த நாய், சிப் மட்டும் படிக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். பல இடங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது. நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை வண்டியை முன்கூட்டியே பதியுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. சிப் படிக்கும் கருவியைத் தோள்மேல் ஒரு தடவை காட்டிவிட்டு “சிப் இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள். நாள்பட்ட சிப் நகர்ந்து கழுத்துக்கோ முன்னங்கால் முட்டிப் பக்கமோ இறங்கியிருக்கலாம். கழுத்து, இரு தோள், இரு விலாப்புறம், முன்னங்கால்கள் என்று மெதுவாக இரண்டு சுற்று பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். எண் கிடைத்தால் (பெரும்பாலும் 15 இலக்கம்) எழுதிக்கொள்ளுங்கள். சிப்புக்குள் எண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது. உரிமையாளர் விவரம் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமப் பதிவில்தான் இருக்கும். அதை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், அவர்களே உரிமையாளரை அழைப்பார்கள். அவர் எண்ணை மாற்றிவிட்டுப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த வழி அங்கேயே அடைபட்டுவிடும். ஆகவே சிப்பை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அந்தச் சேவையின் எண் 1800-476-1600. இம்முறை பேச்சை மாற்றுங்கள். “ஒரு தெருநாய் இருக்கிறது” என்று தொடங்கினால் பழைய பதிலே வரும். “தொலைந்துபோன வளர்ப்பு நாய், பட்டை போட்டிருக்கிறது, என் பொறுப்பில் இருக்கிறது, சிப் எண் இது” என்று ஆரம்பியுங்கள். முதலில் பார்த்த நாள், நேரம், புளோக் எண், காயம் உண்டா என்று சொல்லி, உங்கள் அழைப்புக்கான பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மறுநாள் வேறொருவர் எடுத்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், நாயைத் திருடி வைத்திருக்கிறீர்கள் என்று நாளை யாரும் சொன்னால் கையில் ஆதாரம் இருக்கும். (சாலையோரத்தில் அடிபட்ட நாயைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். “கோப்பிக்கடைக்குப் பின்னால்” என்றால் வருகிறவர் தேடியே ஓய்ந்துபோவார்.)

பிரியாணி இனி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கலாம். உப்பில்லாத சோறும் தோல், எலும்பு நீக்கி அவித்த கோழியும் கைப்பிடி அளவு, நாளைக்கு நான்கு வேளை போதும். பட்டினி கிடந்த வயிற்றில் ஒரே நேரத்தில் நிறையத் திணித்தால் வாந்திதான். காய்ச்சல் போலத் தெரிந்தாலும் பனடால் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள்.

உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவும் பழைய வைத்தியம் தோலைப் புண்ணாக்கும். கடையில் கிடைக்கும், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தை உங்கள் வீட்டில் அறவே பயன்படுத்தாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி. ஈறு வெளுத்து நாய் சோர்ந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் புண் சீழ்பிடிப்பதற்கு அந்த நோய் தேவையில்லை.

ஃபேஸ்புக்கில் தொலைந்த நாய்களுக்கான குழுக்களில் படம் போடும்போது ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள். வயிற்றில் உள்ள மச்சமோ ஒரு பாதத்தின் வெள்ளையோ எதுவானாலும் சரி. கேட்டு வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும், உரிமமோ மருத்துவர் ரசீதோ பழைய படமோ காட்ட வேண்டும். நாய் வாலாட்டுகிறது என்பதை மட்டும் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சோறு வைக்கிற யாரைப் பார்த்தாலும் அது வாலாட்டும்.

யாரும் வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ள ஆசை என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதி குறுக்கே வரும். ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறு இனங்கள் மட்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கலப்பின நாட்டு நாய் என்றால் நாட்டு நாய்களை வீவக வீடுகளுக்குத் தத்துக்கொடுக்க 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தில் சேர்ந்துள்ள நல அமைப்பு ஒன்றின் மூலம்தான் தத்தெடுக்க முடியும். அவர்கள் நாயையும் வீட்டையும் பார்ப்பார்கள், கருத்தடை, சிப், பழக்கப் பயிற்சி எல்லாம் கட்டாயம். அவர்களிடம் “நாயை எடுத்துக்கொள்கிறீர்களா” என்று கேட்காதீர்கள், இடமில்லை என்ற பதில்தான் வரும். “நாயை நான் வைத்திருக்கிறேன், மதிப்பீடு மட்டும் செய்து தர முடியுமா” என்று கேளுங்கள். கூண்டு கேட்காத ஆளுக்கு அவர்கள் நேரம் ஒதுக்குவது எளிது. அனுமதி கிடைத்ததும் உரிமம் எடுங்கள், கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90.