ஈரச் சுவரில் ஒரு பச்சை இதயம்

செடி கொடி கேள்வி பதில்
பதில் சொல்பவர்: கல்லூரியில் 31 ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் ஆறு வருடமாக ஒரு பெரணி வளர்கிறது. ஒரு நாளும் பூத்ததில்லை. போன மாதம் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துவிட்டேன். இப்போது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஈரச் சுவரில் குட்டிப் பெரணிகள் தலைகாட்டுகின்றன. பூவும் இல்லை, விதையும் இல்லை. பிறகு இவை எங்கிருந்து வந்தன? (வாசகி, ஏற்காடு)

பதில்: முதலில் வேப்பெண்ணெயை நிறுத்திவிடுங்கள். நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் வரிசை தப்பாமல் இருந்தால் அது பூச்சி இல்லை. செதில் பூச்சி தண்டிலும் இலையிலும் கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும், அது இருக்கும் செடியைத் தொட்டால் பிசுபிசுக்கும். நீங்கள் பார்த்தது சோரஸ், அதாவது ஸ்போர் என்னும் இனப்பெருக்கத் தூள் நிறைந்த பைகளின் கொத்து. பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்குள் 16 தாய் செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நான்காகப் பிரிய, மொத்தம் 64 ஸ்போர்கள். பையின் முதுகில் தடித்த சுவருள்ள செல்கள் ஒரு வளையமாக ஓடும். அது காயக் காயப் பின்னுக்கு வளைந்து, சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். அந்த வீச்சில்தான் ஸ்போர் தெறிக்கிறது. காய்ந்த இலைத்துண்டை மேசை விளக்குக்குக் கீழே வைத்து லென்ஸால் பாருங்கள், பொரி பொரிவது போலத் துள்ளும்.

இந்த ஸ்போரை விதை என்று எண்ணிவிட வேண்டாம். விதைக்குள் ஏற்கெனவே கரு இருக்கிறது. ஸ்போர் ஒரே ஒரு செல். அது முளைத்தால் பெரணி வராது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில் ஒரு பச்சைத் தகடு வரும். இதற்குப் பெயர் புரோதாலஸ். நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் தடிமன், மற்ற இடமெல்லாம் ஒரே அடுக்கு செல். பெரணியின் ஆண் பெண் விவகாரம் முழுக்க இந்தத் தகட்டின் அடிப்பக்கத்தில்தான் நடக்கிறது, அங்கே உண்டாகும் கருதான் புதுப் பெரணியாக வளர்கிறது. நாம் அழகு பார்க்கிற பெரிய செடிக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை.

சுவரில் இருப்பது உங்கள் தொட்டிச் செடியின் பிள்ளைதானா? இலை ஏணிப்படி போல் இருபுறமும் நீளநீளமாகப் பிரிந்து, அடியில் புள்ளிக்குப் பதில் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு ஓடினால் அது டெரிஸ் விட்டாட்டா என்ற வேறொரு பெரணி. சுண்ணாம்புக் காரை கசியும் பழைய சுவர் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். எங்கிருந்தோ காற்றில் வந்த விருந்தாளியாக இருக்கலாம்.

கேள்வி: ஆர்க்கிகோனியம் படத்தில் கழுத்துக் கால்வாய் செல், வயிற்றுக் கால்வாய் செல், முட்டை செல் என்று மூன்றையும் குறிக்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டும் அழிந்துவிடும் என்றும் எழுதச் சொல்கிறார்கள். அழியப் போவது எதற்காக உண்டாக வேண்டும்? (பதினோராம் வகுப்பு மாணவர், நாமக்கல்)

பதில்: தம்பி, படத்தைப் பார்த்துவிட்டு ‘எதற்காக’ என்று கேட்டாயே, அதற்கே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. விரிவாகவே சொல்கிறேன். ஆர்க்கிகோனியம் என்பது பெரணித் தகட்டில் முட்டையைத் தாங்கும் பெண் உறுப்பு.

இதயத் தகட்டின் மேல்பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில், ஒரு மேற்பரப்பு செல் மற்றவற்றைவிடப் பெரிதாகிறது. அது குறுக்கே பிரிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று செல்லாகும். வெளிப்பக்கத்து செல் பிரிந்து பிரிந்து நான்கு வரிசைக் கழுத்தாக நீள்கிறது. உள்பக்கத்து செல் அடிச்சுவருக்குப் போகும். மிச்சம் நடு செல். அது ஒரு முறை பிரிந்து கழுத்துக் கால்வாய் செல்லைக் கொடுக்கும், மறுபடி பிரிந்து வயிற்றுக் கால்வாய் செல்லையும் முட்டையையும் கொடுக்கும். ஆக, அழிகிற இரண்டும் முட்டையோடு ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை.

இப்போது வேலையைப் பார். கழுத்து என்பது மூடிய குழாய். விந்தணு நுழைய வழி வேண்டும். கால்வாய் செல்கள் இரண்டும் சிதைந்து கொழகொழவென்று ஒரு பசையாகின்றன. மழையோ பனியோ பட்டால் பசை தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அந்த அழுத்தத்தில் கழுத்தின் நுனி பிளந்து, பசை வெளியே வழிகிறது. இருந்த இடத்தை விட்டுக்கொடுத்து அவையே பாதையாகிவிடுகின்றன. தேர்வில் ‘அழிந்துவிடும்’ என்று மட்டும் எழுதாதே, ‘சிதைந்து பாதை உண்டாக்கும்’ என்று எழுது.

முட்டையும் அதுவரை சும்மா இருப்பதில்லை. தொடக்கத்தில் அதற்கும் வயிற்றுக் கால்வாய் செல்லுக்கும் நுண்ணிய இழைத் தொடர்பு உண்டு. முதிரும்போது அது அறுந்து, நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. முட்டை தன்மேல் தனியாக ஒரு உறை போர்த்திக்கொள்கிறது. நீர்ப்பெரணியான செராட்டாப்டெரிஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்த உறையின் மேல்பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு விட்டிருப்பதைக் கண்டார்கள். விந்தணு உள்ளே போவது அந்த வாசல் வழியாகத்தான். முட்டையின் உட்கருவும் உருண்டையாக இருக்காது, மடிப்பும் புடைப்புமாக இருக்கும். பிரேக்கன் என்ற காட்டுப் பெரணியில் இந்தப் புடைப்புகளை 1960-களிலேயே படம் எடுத்துவிட்டார்கள்.

ஆண் பக்கத்துக்கு வா. அதே தகட்டில், வேரிழைகளுக்கு நடுவே ஆந்திரிடியங்கள் என்ற ஆண் உறுப்புகள் இருக்கும். அதிலிருந்து வரும் விந்தணு, திருகாணி போலச் சுருண்ட உடம்பு, அதில் நீந்த உதவும் பல டஜன் கசையிழைகள். நான் முதுகலை படித்தபோது கல்லூரித் தோட்டத்துக் குழாயடிச் செங்கல்லிலிருந்து ஒரு தகட்டை ஊசியால் கிளப்பி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சில நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஆந்திரிடியத்தின் மூடி திறந்து, உருண்டை உருண்டையாக வெளியே விழுந்தன. ஒவ்வொரு உருண்டையும் ஒரு நொடி நடுங்கி, விரிந்து, சுழன்றுகொண்டே ஓடியது. பார்த்த அந்த மதியம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவை கழுத்தைத் தேடிப் போவது குருட்டாம்போக்கில் இல்லை. 1884-ல் ஜெர்மானியரான ஃபெஃபர், மெல்லிய கண்ணாடிக் குழாயில் மாலிக் அமிலத்தை வைத்தபோது பெரணி விந்தணுக்கள் அதற்குள் மொய்த்துக்கொண்டு நுழைந்தன. ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான்.

இதையெல்லாம் மனிதர்கள் கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆனது. ஜமைக்காவில் மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே, இலைத்தூளை மண்ணில் தூவிப் பெரணி முளைப்பதைக் காட்டி 1794-ல் கட்டுரை வெளியிட்டார். 1844-ல் தாவரவியலாளர் நேகெலி விந்தணுவைப் பார்த்தார். 1848-ல் பெர்லினில் சுமின்ஸ்கிதான் தகட்டின் அடியில் பெண் உறுப்பைக் கண்டு, கரு உண்டாவது அங்கேதான் என்று சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரே தகட்டின் முட்டையும் விந்தணுவும் சேர்ந்தால் பிள்ளைக்கு எல்லா மரபணுவும் இரட்டையாக ஒன்றேபோல் அமைந்துவிடும். அதைத் தவிர்க்கப் பல பெரணிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. முந்தி முளைத்துப் பெரிதான தகடு ஆந்திரிடியோஜென் என்ற பொருளைச் சுரக்கிறது. பக்கத்தில் பிந்தி முளைப்பவை அதை உணர்ந்து சிறிதாகவே நின்று ஆணாகின்றன. டோப் என்பவர் 1950-ல் இதைக் காட்டினார். அதே சமயம் டெரிஸ் கிரெட்டிகா போன்ற சில பெரணிகளில் முட்டை இல்லாமலே தகட்டிலிருந்து நேராகச் செடி கிளம்பும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

கேள்வி: கொல்லிமலை முடவாட்டுக்காலும் ஆரைக்கீரையும் பெரணி என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மை. சூப்புக்கு வாங்கும் முடவாட்டுக்கால், கிழங்கு என்று சொன்னாலும் பாறையிலும் மரத்திலும் படர்கிற தண்டு. மேலே ரோமம் போல இருப்பவை செதில்கள். முழுத் தண்டையும் பெயர்த்தெடுத்தால் அந்தப் பாறையில் ஸ்போர் தூவ ஆள் இருக்காது, அதனால் ஒரு துண்டையாவது விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஆரைக்கீரை நாலு இலையோடு வயலில் நிற்கிற நீர்ப்பெரணி. காம்படியில் அவரை விதை போல் கெட்டியான காய் வைக்கும். அதற்குள் பெண் ஸ்போர் பெரியது, ஆண் ஸ்போர் சிறியது. பெண் ஸ்போருக்கு ஒரே ஒரு முட்டைதான்.

கேள்வி: ஸ்போரிலிருந்து வீட்டில் பெரணி வளர்க்க முடியுமா? (வாசகி, கோவை)

பதில்: பொறுமை இருந்தால் தாராளமாக. பழுப்பேறிய இலையைக் காகிதத்தில் மடித்து இரண்டு நாள் வையுங்கள், தூள் கொட்டும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் துண்டை, கொஞ்சம் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி, தூளை மெல்லத் தூவிக் கண்ணாடியால் மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. சில வாரத்தில் பச்சை பூசியது போல் தெரியும். அதைப் பாசி என்று சுரண்டிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆய்வுக்குழு வருகிறது என்று ஒரு சுவர் முழுக்கச் சுரண்டி வெள்ளையடித்தார்கள், நான் இரண்டு வருடம் மாணவிகளுக்குக் காட்டி வந்த தகடுகள் ஒரே காலையில் போய்விட்டன.

இதயங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும், கீழே தண்ணீர் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வாரம் இரண்டு முறை மேலிருந்து பொடித்தூறலாகத் தெளியுங்கள். அந்த ஈரப்படலத்தில்தான் விந்தணு நீந்த வேண்டும். பிறகு ஒரு நாள் இதயத்தின் பள்ளத்துக்குள்ளிருந்து, கடுகளவு விசிறி போல் முதல் இலை எழும்.