காரின் பெயின்டில் விழுந்த கீறல்களை வீட்டிலேயே பாலிஷ் போட்டுப் போக்க முடியுமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஓடும் என் கருநீலக் காரின் பானெட்டிலும் கதவுகளிலும் நிறையக் கீறல்கள் உள்ளன. பட்டறையில் காட்டினால் முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். ரப்பிங் காம்பவுண்ட் வாங்கி நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா?

பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியும். ஆனால் எந்தெந்தக் கீறல்களைத் தொடாமல் விட்டுவிடப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே காம்பவுண்ட் (பாலிஷைவிடச் சொரசொரப்பான, பெயின்டை அரைத்தெடுக்கும் பசை) டப்பாவைத் திறக்க வேண்டும். சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் திறந்தவெளியில் நிற்கும் என் கறுப்புக் காருக்கு நான்கு முறை நானே பாலிஷ் போட்டிருக்கிறேன். முதல் முறை பானெட்டின் ஓரத்தில் பெயின்டைத் தேய்த்தே தீர்த்துவிட்டேன் என்பதால், கீழே சொல்பவற்றில் பாதி அந்தத் தவற்றிலிருந்து கற்றுக்கொண்டவை.

முதலில் நாம் எதைத் தேய்க்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரானும், அதன்மேல் பிரைமர் 30 முதல் 40 மைக்ரானும், நிறம் தரும் பேஸ் கோட் 10 முதல் 20 மைக்ரானும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரானும் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அப்படியானால் நாம் பாலிஷ் போடும் அந்த மேல் அடுக்கு முழுவதுமே ஒரு முடியைவிட மெல்லியது. பாலிஷ் கீறலை நிரப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வயலில் பரம்படித்தால் மேட்டு மண் பள்ளத்தில் விழுந்து நிலம் சமமாகும். இங்கே மேட்டு மண் துணியோடு போய்விடுகிறது, பள்ளம் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்குச் சுற்றியிருக்கும் நிலம் முழுவதும் கீழே இறங்குகிறது. கீறல் மறைகிறது என்றால் அதைச் சுற்றியிருந்த கிளியர் கோட் அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருளும் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. பழைய கார்களில் கூரையும் பானெட்டும் வெளுத்துச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் நம் காருக்கும் அந்த நிலை சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும்.

ஆகவே காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கீறலாகப் பாருங்கள். கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்தால் நகம் தடையில்லாமல் நழுவ வேண்டும். சிறிது தண்ணீரைத் தடவினால், ஈரம் இருக்கும்வரை கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போய், காய்ந்ததும் திரும்பத் தெரிய வேண்டும். இவ்விரண்டும் நடந்தால் அது கிளியர் கோட்டுக்குள் நிற்கும் கீறல். பாலிஷில் போய்விடும் அல்லது பெரிதும் மங்கிவிடும். கருநிற வண்டிகளில் இத்தகைய மேலோட்டமான கீறல்கூட வெள்ளைக் கோடாகத் தெரிந்து பயமுறுத்தும். அந்த வெண்மை பிரைமர் அன்று, கீறலின் விளிம்புகளில் ஒளி சிதறுவதால் வருவது. பட்டறையில் உங்களைப் பயமுறுத்தியதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மாறாக, நகம் சிக்கி நின்றாலோ, தண்ணீர் தடவிய பிறகும் சாம்பல் நிறம் தெரிந்தாலோ, தகடு மின்னினாலோ, அந்தக் கோட்டைப் பாலிஷ் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பம்பரில் இருக்கும் சில கோடுகள் கீறலே அல்ல, வாகன நிறுத்தத்தின் தூணிலிருந்தோ வேறு வண்டியிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த பெயின்ட். கார் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் தார் நீக்கியைத் துணியில் நனைத்துத் துடைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். அதற்காகத் தின்னரைத் தொட வேண்டாம். ஏற்கெனவே பட்டறையில் பெயின்ட் அடிக்கப்பட்ட பகுதியாக இருந்தால் தின்னர் அதைக் கரைத்துவிடக்கூடும்.

கழுவுவதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலிஷ் போடும்போது பெயின்டில் மணல் துகள் ஒன்று மிச்சம் இருந்தாலும் நாமே புதுக் கீறல்களை உழுதுவிடுவோம். நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, பிறகு கார் ஷாம்பூவால் மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு மற்றொரு வாளி. எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர் என்பதால், உடனே துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்து, அவற்றைப் போக்குவது தனி வேலையாகிவிடும். காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள்; வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அது பெயின்டில் பதிந்துவிட்ட இரும்புத்தூளும் மரப்பிசினும் பிறவும். களிமண் போன்ற கிளே பார் என்ற கட்டியை ஷாம்பூ நீரின்மேல் அழுத்தாமல் நழுவவிட்டால் அவை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி தரையில் விழுந்தால் எடுத்துத் தட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நான்கைந்து தனிக் கீறல்கள் மட்டும்தான் என்றால் கையாலேயே போக்கிவிடலாம். ஒரு நுரைப் பஞ்சுத் துண்டில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, ஒரு சாண் அகலத்துக்குள், நீளவாட்டில் இருபது முறையும் குறுக்குவாட்டில் இருபது முறையும் மிதமான அழுத்தத்தோடு தேய்த்துவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கைபேசியின் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கடையில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷில் தொடங்கி, அது போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்குப் போக வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காம்பவுண்டில் உள்ள எண்ணெய்ப் பசை கீறலுக்குள் தங்கி அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும், இரண்டு முறை கழுவியதும் கீறல் "திரும்பி வந்துவிட்டது" என்று தோன்றும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை நிலை அப்போதே தெரிந்துவிடும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றால் துடைத்தால் வண்டி பளபளப்பதும் இதே வித்தைதான். பற்பசையில் மெல்லிய அரைபொருள் இருப்பதால் மிக நுண்ணிய கீறல்கள் சற்று மங்கும். நூறு ரூபாய்ப் பற்பசையை வீணாக்குவதற்குப் பதில் சிறிய பாலிஷ் குப்பி வாங்கிவிடலாம்.

வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும் சுழல் கீறல்கள் பானெட் முழுவதும் இருந்தால் கையால் தேய்த்து மாளாது, இயந்திரம் வேண்டும். என் தவறு இங்கேதான் நடந்தது. வீட்டில் சுவரில் துளை போடும் டிரில் மெஷின் இருந்ததால், அதன் முனையில் கம்பளிப் பேட் ஒன்றை மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டில் இறங்கினேன். நடுப்பகுதி கண்ணாடிபோல் வந்த உற்சாகத்தில் பானெட்டின் மடிப்பு ஓரத்துக்குப் போனேன். ஒரே அச்சில் சுழலும் பேட், ஓரத்தில் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும் பெயின்ட், முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் விழுவது என மூன்றும் சேர்ந்து, சில நொடிகளில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு வாங்கியது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். சுழற்சியோடு அலைவும் சேர்ந்த அதன் பேட், ஓர் இடத்தில் அதிகமாக அழுத்தினால் சுழல்வதைத் தானே நிறுத்திக்கொள்ளும். எனவே சூடேறிப் பெயின்ட் எரியும் ஆபத்து மிகக் குறைவு. முதலில் ஓரங்கள், மடிப்புகள், கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகள் அனைத்தின்மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பகுதியை எடுத்துக்கொண்டு, பேடில் நான்கு சொட்டுக் காம்பவுண்ட் விட்டு, குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, ஆறு நிலை வேகக் குமிழை நான்கு அல்லது ஐந்தில் வைத்து, ஒரு கோடு முந்தைய கோட்டைப் பாதி மூடும்படி மெதுவாக நகர்த்தி, நான்கு முதல் ஆறு சுற்று ஓட்டினால் போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கத் தோன்றும் சூடு கூடாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே சூடு எளிதில் பரவாமல் தேங்கும். சுழல்வேகத்தையும் அழுத்தத்தையும் இன்னும் குறைக்க வேண்டும். கருநீலத்தில் காம்பவுண்ட் ஒரு மெல்லிய மங்கலை விட்டுச்செல்லும் என்பதால் மென்மையான பேடோடு இரண்டாவது முறை ஃபினிஷிங் பாலிஷ் கட்டாயம் தேவைப்படும். முழுக் காருக்கும் எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் ஈரத்தில் தேய்த்துவிட்டுப் பாலிஷ் போடும் முறையைக் காணொளிகளில் பார்த்து மயங்கிவிட வேண்டாம். பட்டறைக்காரர்கள் செய்வதுதான், ஆனால் எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவிகூட மொத்த அடுக்குகளின் அளவைத்தான் காட்டும், கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது.

ஒதுக்கி வைத்த ஆழமான கீறல்களுக்கு டச் அப் பெயின்ட் போடலாம். என்ஜின் அறையிலோ கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உங்கள் வண்டியின் நிறக் குறியீடு இருக்கும்; அதைச் சொல்லி வாங்கி, பல் குத்தும் குச்சியின் முனையால் கீறலுக்குள் மட்டும் மெல்லிய அடுக்குகளாக விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் காயவிட்டு, கடைசியில் கிளியர் விட வேண்டும். கிட்டே வந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும். நோக்கம் துருவைத் தடுப்பது. கடற்காற்றுப் படும் ஊர்களில் திறந்து கிடக்கும் தகடு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது. பம்பர் துருப்பிடிக்காது என்பதால் அதைத் தள்ளிப் போடலாம். இதற்காகக் காப்பீட்டில் கோருவதற்கு முன் கணக்குப் பாருங்கள். கோரிக்கை இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை உயரும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி, ஒரு கதவின் பெயின்டுக்காகக் கைவிட்டுப் போகலாம். முழுக் காருக்கும் பெயின்ட் என்ற யோசனையை, தொழிற்சாலைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக வாக்ஸ் அல்லது சீலன்ட் பூசி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அது தண்ணீரையும் பறவை எச்சத்தையும் சற்றுத் தள்ளி வைக்கும், கீறலைத் தடுக்காது. சுழல் கீறல்களில் பெரும்பகுதி காலையில் தூசியோடு காய்ந்த துணியால் துடைப்பதால் வருபவை. எங்கள் அடுக்ககத்தில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்துக் கார்களைத் துடைப்பவரிடம், "அண்ணே, என் வண்டியைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே கழுவிக்கொள்கிறேன்" என்றேன். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்து அவர் முகம் வாடிவிட்டது. மாதச் சம்பளம் வழக்கம்போல உண்டு என்று சொன்ன பிறகும், தூசி படிந்த காரைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு காலையும் அவர் என்னைச் சற்றுக் கவலையோடுதான் பார்க்கிறார்.